ரோபோ கிளீனர் நீச்சல் குளத்தில் இடம் விட்டு ஓடுகிறதா? மலை ஊர்க்காரர்களுக்கான பழுது பார்க்கும் முறை

இரண்டு மணி நேரம் ஓடி முடித்து ரோபோ நின்றுவிட்டது. தண்ணீர் தெளிந்ததும் எட்டிப் பார்த்தால், ஆழமான பக்கத்து மூலையில் செம்மண் படலம் அப்படியே படிந்திருக்கிறது. "போர்டு போயிருக்கும் சார்" என்று யாராவது உடனே சொல்வார்கள். போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை, போனால் ரோபோ பெரும்பாலும் கிளம்பவே கிளம்பாது, அல்லது பாதியில் நிற்கும். ஓடிக்கொண்டே இடம் விடுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கேபிள், ஃபில்டர், பிரஷ். இந்த மூன்றையும் பார்க்க ஒரு வாளி தண்ணீரும் பழைய டூத் பிரஷ் ஒன்றும் போதும்.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து ரிசார்ட்டுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் இந்த மூன்றும் சமவெளியைவிடச் சீக்கிரம் தொல்லை கொடுக்கும். குளிரில் கேபிள் விறைக்கும், பிரஷ் இறுகும். சில்வர் ஓக், கற்பூர மரம், பைன் என்று சுற்றிலும் எது நின்றாலும் அதன் இலை குளத்தில்தான் விழும். மழை பெய்தால் மேட்டுச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து வரும். மரம் வைத்தவர் யாரோ, இலை அள்ளுபவர் யாரோ.

முதலில் ஒரு படம் வரையுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு தாளில் குளத்தை வரைந்து ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள். ரோபோ ஓடி முடிந்து அரை மணி நேரம் கழித்து, கலங்கிய தூசி அடங்கியதும், அழுக்கு மிச்சமிருக்கும் கட்டங்களைக் குறியுங்கள். அடுத்த நாளும் அதே இடத்தில் இறக்கி, அதே நேரம் ஓடவிட்டு, இன்னொரு தாளில் குறியுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டு நாளும் அதே கட்டம் விட்டுப்போயிருந்தால் இடம் மாறாத ஏதோ ஒன்று தடுக்கிறது: கேபிள் எட்டவில்லை, மெயின் டிரெயின் (அடித்தரை வடிகால்) மூடி, படிக்கட்டு, தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வேகம். விட்டுப்போகும் கட்டம் நாளுக்கு நாள் மாறினால் ரோபோ கண்டபடி திரிகிறது, நேரம் போதவில்லை. ஜைரோ (திசை அறியும் கருவி) இல்லாத மலிவு மாடல்கள் சுவரில் முட்டித் திரும்பி, முட்டித் திரும்பி ஓடுபவை. அவற்றுக்கு ஒரு மணி நேர சுற்று போதாது, நீண்ட சுற்றையே வையுங்கள். குளம் முழுக்கக் கோடு கோடாக அழுக்கு இருந்தால் வழி தப்பவில்லை, உறிஞ்சும் திறன்தான் குறைந்திருக்கிறது. நேராக ஃபில்டர் பகுதிக்குப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரைக் கழுவி, பிரஷ்ஷை மாற்றி, கேபிளையும் நீட்டிவிட்டு ஓட்டினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தூர மூலை எப்போதும் விட்டுப்போகிறது

பவர் சப்ளை பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில், அதாவது பம்ப் ரூமை ஒட்டிய மூலையில், பெட்டியை வைத்துவிடுவது வழக்கம். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆழமான பக்கம் 1.8 மீட்டர் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டி ஒரு மூலையில் இருந்தால் எதிர் மூலைக்குக் குறுக்குத் தூரம் 13 மீட்டர். பெட்டியைக் கரையிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அதையும் ஆழத்தையும் கூட்டினால் 18.3 மீட்டர். கேபிள் 18 மீட்டர் என்றால் ரோபோ அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டுத் திரும்பிவிடும். அதே பெட்டியை நீளவாட்டுக் கரையின் நடுவில் வைத்தால் தூர மூலைக்கு 7.8 மீட்டர்தான். 3.5, 1.8 கூட்டினால் 13.1. தளர்வுக்கு ஒன்றரை மீட்டர் விட்டாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நடுக்கரையில் வெதர்புரூஃப் சாக்கெட் ஒன்று போட எலக்ட்ரீஷியன் கூலியும் ஒயர் செலவும்தான் ஆகும், புது ரோபோ விலை ஆகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரக் கரையில் போட்டு ஓட்டும் வழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம்.

எட்டுகிற அளவு கேபிள் இருப்பது ஒரு பக்கம், தேவைக்கு மேல் தண்ணீரில் விடாமல் இருப்பது இன்னொரு பக்கம். 18 மீட்டரையும் குளத்தில் தள்ளிவிட்டால் மிச்சம் நடுவில் சுருள் சுருளாக மிதக்கும், ரோபோ அதற்குள்ளேயே சிக்கிச் சுற்றும். தூர மூலைக்கு எட்டும் அளவும் மேலே ஒன்றரை மீட்டரும் தண்ணீரில் இருந்தால் போதும், மீதி கரையில் கிடக்கட்டும்.

கேபிள் சுருண்டு கிடக்கிறது, ரோபோ ஒரே பக்கம் இழுக்கிறது

மலையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஓடி முடிந்த கேபிளைக் கையில் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே துணி உலர்த்தும் கயிறு போலச் சுற்றி, பம்ப் ரூம் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். ராத்திரி 8, 10 டிகிரிக்கு இறங்கும் குளிரில் மேலுறை அந்த வடிவத்திலேயே விறைத்துப்போகிறது. காலையில் தண்ணீரில் போட்டதும் ஒரு அடி விட்டத்துக்குச் சுருள்களாக மிதக்கும். ஒவ்வொரு சுருளும் ஸ்பிரிங் மாதிரி ரோபோவை ஒரு பக்கம் முறுக்கும். ஜைரோ உள்ள ரோபோகூட நேர்கோட்டைப் பிடிக்கத் திணறும்.

சரிசெய்யும் விதம்: பெட்டியை அணைத்து பிளக்கைப் பிடுங்கி, கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ரோபோவைப் புல்தரையின் ஒரு முனையில் வைத்து, கேபிளை நேராக நீட்டுங்கள். ரோபோ பக்கத்திலிருந்து தொடங்கி, கைக்கு ஒரு முழமாகப் பிடித்து, முறுக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கு எதிர்த் திசையில் உருட்டிக்கொண்டே பெட்டி முனை வரை போங்கள். முனை கழற்றியிருப்பதால் முறுக்கு அங்கே வெளியேறும். அப்படியே ஒரு நாள் முழுக்க வெயிலில் கிடக்கட்டும். ஜூலை மேகமூட்டத்தில் இதற்கு வழியில்லை. ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுத்திருக்கும் நாட்களில் காலை 10 மணிக்குப் போட்டு மாலை 4 மணிக்கு எடுங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போட்டால் இன்னும் நல்லது.

கழற்றியிருக்கும்போதே இணைப்பு முனையின் பின்களைப் பாருங்கள். மஞ்சு இறங்கும் ஊரில் பின்களில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பூக்கும்.

ஸ்விவல் (கேபிள் முறுக்காமல் சுழலும் இணைப்பு) உள்ள மாடலானால் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் சுழல வேண்டும். இறுகியிருந்தால் நீங்கள் எடுத்த முறுக்கு சில நாட்களிலேயே திரும்ப ஏறிவிடும். உள்ளே மணல் போய் இறுகியிருந்தால் சுத்தத் தண்ணீரில் ஊறவைத்துச் சுழற்றிப் பார்க்கலாம், பிடிவாதம் பிடித்தால் மாற்றத்தான் வேண்டும். இனி கேபிளைச் சுற்றும்போது முழங்கையை விட்டுவிட்டு, தரையில் ஒன்றரை மீட்டர் அகல வளையமாக அடுக்குங்கள். ஒரு வளையம் வலமாக, அடுத்தது இடமாக, எட்டு வடிவில் அடுக்கினால் முறுக்கு ஏறாது.

கோடு கோடாக அழுக்கு, உறிஞ்சல் குறைவு

ஃபில்டரை "நேற்றுதான் கழுவினேன்" என்பார்கள். கழுவியதாகச் சொல்வதும் கண் திறந்திருப்பதும் வேறு வேறு. வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஈர வலை வழியாக எதிரே இருப்பது மங்கலாகவாவது தெரிய வேண்டும். கருப்பாகத் தெரிந்தால் கண்கள் அடைத்திருக்கின்றன. உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சி, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்புகளுக்குள் தேயுங்கள். கோடையில் ஜகரண்டா பூ கொட்டும் இடங்களில் பூவிதழ் கூழாகி வலையில் பசை மாதிரி ஒட்டும். வெறும் ஹோஸ் தண்ணீருக்கு அது போகாது. மிதமான வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அரை மணி ஊறவைத்து, நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் சற்றே "கெட்டி" என்பதையும் கணக்கில் வையுங்கள். 30 டிகிரியில் இருப்பதைவிட 10 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை ஒன்றரை மடங்குக்கும் மேல். கோயம்புத்தூரில் பாதி அடைத்த நுண் ஃபில்டரோடு சமாளிக்கும் ரோபோ, ஊட்டியில் அதே அடைப்பில் தடுமாறும். இலையும் மண்ணும் அதிகமுள்ள நாட்களில் பெரிய கண் வலையைப் போட்டு ஒரு சுற்று, பிறகு நுண் வலையைப் போட்டு ஒரு சுற்று என்று பிரித்து ஓட்டுங்கள். மிதக்கும் இலையைக் கைவலையால் அள்ளிவிட்டு ரோபோவை இறக்குவது அதைவிட முக்கியம். வாளிக் கணக்கில் இலை அள்ளுவது ரோபோவின் வேலை கிடையாது.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் இழுவை இல்லையென்றால் இம்பெல்லர், அதாவது தண்ணீரை இழுக்கும் உள் விசிறி. பிளக்கைப் பிடுங்கிய பிறகு மேல் மூடியில் தண்ணீர் வெளியேறும் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கொடைக்கானலில் பைன் ஊசி. அது வலையின் கண்ணில் நீளவாக்கில் நுழைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இம்பெல்லர் தண்டில் நூற்கண்டு போலச் சுற்றியிருக்கும். நீளமான தலைமுடியும் அப்படித்தான். இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவுங்கள், கத்தியால் வெட்டப் போய் சீலைக் கீறிவிடாதீர்கள். விரலால் இம்பெல்லரைச் சுழற்றினால் தடங்கலில்லாமல் சுழல வேண்டும். ஒரு இறக்கை உடைந்திருந்தாலும் அதிர்வு வரும், உறிஞ்சல் குறையும்.

சுவர் ஏறவில்லை, ஏறினாலும் விழுகிறது

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. அடிப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். இப்போது ஏறினால் குற்றவாளி ஃபில்டர். அப்போதும் ஏறாவிட்டால் இம்பெல்லர், பிரஷ், அல்லது சுவர். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் குப்பை நேராக இம்பெல்லரில் போய் மாட்டும்.

பிரஷ்ஷில் இரண்டு ஜாதி. பிவிசி ரப்பர் பிரஷ் சிமென்ட் பூச்சுக்கும் சொரசொரப்பான தரைக்கும் சரி. வழவழப்பான கிளேஸ் டைல்ஸுக்கு பிவிஏ ஸ்பாஞ்ச் பிரஷ் வேண்டும், பிவிசி அதில் வழுக்கும். இந்த ஸ்பாஞ்ச் காய்ந்தால் செங்கல் மாதிரி. தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆன பிறகுதான் பிடிக்கும். சமவெளியில் குளத்தில் போட்ட கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். 12 டிகிரி தண்ணீரில் அதற்குள் ரோபோவின் சுவர் ஏறும் முயற்சிகளில் பாதி வீணாகியிருக்கும். கிளப்புவதற்கு அரை மணி முன்னால் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் பிரஷ்ஷை நன்றாக அமுக்கி ஊறவையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். மேலே இருக்கும் முண்டுகள் புதிதில் இருந்த உயரத்தில் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் புது பிரஷ் வாங்குங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கி, ரோபோ சாய்ந்தே ஓடும்.

இறக்கும்போது உள்ளே காற்று நின்றாலும் இதே தொல்லைதான். தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமுமாகச் சாய்த்து, குமிழி அடங்கியதும் கையை விடுங்கள். தானாக, சமமாக அமிழ வேண்டும்.

சுவரை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். வழவழவென்று ஏதாவது வந்தால் அது பாசி, எந்த பிரஷ்ஷும் அதில் நிற்காது. மலையில் இதற்குப் பின்னால் வேறு கதை ஒன்று உண்டு. ஓடை, சுனைத் தண்ணீரில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் குறைவு. காரத்தன்மை குறைந்தால் பிஎச் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். ஏறிய நாளில் குளோரின் வீரியம் குறைந்து பாசி பிடிக்கும். இறங்கிய நாளில் டைல்ஸ் இடுக்கு கிரவுட்டை அரிக்கும், அந்த அரிப்பில் பாசி இன்னும் இறுக்கமாக உட்காரும். பிஎச் 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரத்தன்மையை ஏற்ற ஆப்ப சோடாவே போதும்: 1,000 லிட்டருக்கு சுமார் 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். மேலே சொன்ன 12க்கு 5 குளம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் 84,000 லிட்டர், அதற்கு 1.4 கிலோ. ஒரே நாளில் கொட்டாமல், தினம் 10 பிபிஎம் வீதம், மோட்டார் ஓடும்போது கரைத்து ஊற்றி, மறுநாள் சோதித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ரோபோவை வெளியே எடுத்துவிட்டுத்தான் எந்த மருந்தும் போட வேண்டும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: சுவரிலேயே தொங்கிக்கொண்டு, மேலே வந்து காற்றை உறிஞ்சி, "கர்ர்" என்று சத்தம் போட்டு விழுவது. தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (சுவரில் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் திறப்பு) வாயின் பாதி உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மிதவையோ கைப்பிடிக் கோணமோ மாறியிருக்கும். மேனுவலில் உள்ளபடி ஒரு படி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது

"மிஷின் ஒரே இடத்துல சுத்துதுங்க சார்" என்று போன் வந்தால் முதல் கேள்வி: எந்தப் பக்கமாக? எப்போதும் இடப்பக்கமே சுற்றினால் இடப்பக்க சக்கரம் ஓடவில்லை அல்லது வலுவிழந்திருக்கிறது. வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அந்தப் பக்க டிராக் பெல்ட் பல்லிலிருந்து நழுவியிருக்கும், அல்லது சில்வர் ஓக் இலை அச்சில் சுற்றியிருக்கும். அந்த இலை பெரணி மாதிரி கிளை பிரிந்திருப்பதால் காய்ந்தாலும் விடாமல் கவ்வும். பிளக் பிடுங்கிய நிலையில் இரண்டு பக்கச் சக்கரத்தையும் கையால் உருட்டி எதிர்ப்பை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தும் தண்ணீரில் ஒரு பக்கம் ஓடவில்லையென்றால் மோட்டார் யூனிட். அதை நீங்கள் திறக்கக் கூடாது, சீல் போனால் தண்ணீர் புகுந்து முழு யூனிட்டும் போய்விடும். தண்ணீருக்கு வெளியே ஓட்டிச் சோதிப்பதும் வேண்டாம். பம்ப் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, உயவு எல்லாம்.

டிரெயின், படி, ஏணி

மெயின் டிரெயின் மூடி மேடாக இருந்தால் ரோபோ வயிறு தட்டி நிற்கும். தட்டையான மூடி மாட்டுவதே நிரந்தரத் தீர்வு. ஏணியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். குளத்தின் பெரிய பம்பை நிறுத்திவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், விட்டுப்போன கட்டம் சுத்தமானால் திரும்பி வரும் குழாயின் நீரோட்டம்தான் கேபிளை ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. குழாய் வாயைக் கேபிளைத் தள்ளாத பக்கமாகத் திருப்புங்கள்.

ஓடி முடிந்த பிறகும் செம்மண் படிகிறது

ரோபோ எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது, தடம்கூடத் தெரிகிறது, மறுநாள் காலையில் மறுபடி மெல்லிய படலம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இது வாடிக்கை. களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. ரோபோவின் நுண் வலை பல பத்து மைக்ரான் அளவு. ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் புகையாக வெளியே விடும். பின்னால் புகை போவது கண்ணுக்கே தெரியும். இதற்கு ரோபோவை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பிரயோஜனமில்லை. துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும் படிகாரமோ பிஏசியோ (பாலி அலுமினியம் குளோரைடு) போட்டு இரவெல்லாம் அசையாமல் விட்டு, காலையில் கை வாக்குவம் மாட்டி, ஃபில்டருக்கு அனுப்பாமல் நேரே வெளியேற்றுங்கள். திரண்ட சகதியில் ரோபோவை இறக்கினால் கலக்கிவிடும். மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து குளத்துக்குள் வராமல் கரைக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டாதவரை இது தீராது.

புகை களிமண்ணால் இல்லாமல், கரட்டு மணலே பின்னால் கொட்டினால் வலை கிழிந்திருக்கிறது. ரோபோவைத் தூக்கும்போது அடியிலிருந்து குப்பை கொட்டினால் உறிஞ்சும் வாயை மூடும் மடிப்பு மூடவில்லை. கேபிளைப் பிடித்து ரோபோவைத் தூக்காதீர்கள். கரைக்கு இழுத்து வந்து, கைப்பிடியைப் பிடித்து, தண்ணீர் வடிய நிறுத்தி எடுங்கள்.

பாதியில் நின்றுவிடுகிறது

ரோபோ ஓடும்போதே சாக்கெட்டில் வோல்டேஜ் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பெட்டியில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால் உள்ளே போகும் வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். சக்கரம் தளரும், உறிஞ்சல் குறையும், பிறகு நிற்கும். ஸ்டெபிலைசர் போடுங்கள். மரம் விழுந்து கரன்ட் போய் ஜெனரேட்டர் மாறும் நாட்களில் பல மாடல்கள் நின்ற இடத்திலிருந்து புதிதாகச் சுற்றைத் தொடங்கும். ஒரு பாதி இரண்டு முறை சுத்தமாகி மறுபாதி அப்படியே இருப்பது அதனால்தான். எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு இருந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் அதைத் தாண்டி ஓட்டாதீர்கள். ரோபோ உள்ளே இருக்கும்போது யாரும் குளத்தில் இறங்கவும் கூடாது.

பேட்டரி ரோபோக்களுக்குக் குளிர்தான் எமன். 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியில் நீர்ப்பனி தொடங்கி உறைபனி விழும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சூடேற்றாத குளத்தில் ஒரு சார்ஜுக்கு ஓடும் நேரம் குறையும். அறைக்குள் கொண்டுவந்து, உடம்பு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். தண்ணீரின் குறைந்தபட்ச வெப்பம் எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் 5க்கும் 10 டிகிரிக்கும் இடையே. காலை 7 மணிக்கு ஓட்டும் பழக்கத்தை விட்டு, வெயில் ஏறி மதியம் 1 மணிக்கு மேல் இறக்குங்கள். ஊட்டிக்குக் கீழே, வெப்பமான மசினகுடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.